பதினைந்து பேர் எந்தப் பள்ளியில்? செபராங் பிறை தெற்கில் எல்லை மாற்றம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2014 மார்ச் 1-ஆம் தேதி பினாங்கின் இரண்டாவது பாலம் திறக்கப்பட்டது. தீவில் பத்து மாவுங்கில் ஏறி, 24 கிலோமீட்டர் கடந்து பெருநிலத்தில் இறங்கினால் செபராங் பிறை தெற்கு மாவட்டத்தின் பத்து காவான். ஒரு காலத்தில் செம்பனைக் காடாக இருந்த நிலம் அது. 2016-இல் பேரங்காடி வந்தது, 2019-இல் ஐக்கியா வந்தது, தொழிற்பேட்டை ஆண்டுக்கு ஆண்டு அகலமாயிற்று. சுற்றிலும் பண்டார் காசியா, சிம்பாங் அம்பாட், புக்கிட் தம்புன் என்று தாமான்கள், அதாவது புதிய வீடமைப்புக் குடியிருப்புகள், எழும்பின. இந்த மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளின் பெயரைக் கேட்டாலே பழைய நிலம் தெரியும்: பத்து காவான் தோட்டம், வால்டோர் தோட்டம், பைராம் தோட்டம், சங்காட் தோட்டம், டிரான்ஸ்கிரியான் தோட்டம். தோட்ட வாழ்க்கை முடிந்துபோன இடங்களிலும் பெயர்ப்பலகையில் தோட்டம் நிற்கிறது. பிள்ளைகள் வருவதோ தாமான்களிலிருந்தும் அடுக்குமாடிகளிலிருந்தும்.

இப்படி வளரும் மாவட்டத்தில் புதிய இடைநிலைப் பள்ளி ஒன்று திறக்கும்போது, எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்ற கோட்டை மறுபடி போட வேண்டி வரும். அந்தக் கோடு தமிழ்க் குடும்பங்களை எங்கே தொடுகிறது, எப்போது தொடுகிறது, அதற்கு என்ன செய்ய முடியும் என்பதே இந்த ஆய்வு. கீழே வரும் தலைக்கணக்கும் கட்டணக் கணக்கும் புரிவதற்காக எடுத்துக்கொண்ட மாதிரி எண்கள். எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இருந்து எடுத்தவை அல்ல. சட்டமும் நடைமுறையும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

எல்லை என்ற ஒரே சொல்லில் மூன்று விஷயங்கள்

முதலாவது, மலாய்மொழியில் நடக்கும் தேசியப் பள்ளியில் முதலாம் ஆண்டுப் பதிவு. ஒவ்வொரு தேசியப் பள்ளிக்கும் 'கவாசான் ஒப்பராசி' என்ற வட்டாரம் உண்டு. பெற்றோர் இணையத்தில் பதிகிறார்கள். பிறகு பிறப்புப் பத்திரம், மைகிட் எனும் பிள்ளையின் அடையாள அட்டை, பெற்றோரின் அடையாள அட்டை, வீட்டு முகவரிக்குச் சான்றாக மின்கட்டணமோ தண்ணீர்க் கட்டணமோ காட்டும் ரசீது ஆகியவற்றைக் கொடுக்கிறார்கள். முகவரி வட்டாரத்துக்குள் இருந்தால் இடம் எளிது.

இரண்டாவது, தமிழ்ப்பள்ளியும் சீனப்பள்ளியும். இங்கே நடைமுறையில் இறுக்கமான எல்லை இல்லை. பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்தும் பிள்ளையைக் கொண்டுவரலாம். இடமும் வண்டியும் இருந்தால் போதும்.

மூன்றாவது, முதலாம் படிவ ஒதுக்கீடு, அதாவது இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டுக்கான இடம். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பிள்ளை எந்த இடைநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை மாவட்டக் கல்வி இலாகா ஒதுக்குகிறது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'பீடர்' முறை: இந்தத் தொடக்கப்பள்ளியின் பிள்ளைகள் இந்த இடைநிலைப் பள்ளிக்கு என்று பள்ளியோடு பள்ளியை இணைப்பது. மற்றது, வீட்டு முகவரியைப் பார்த்து அருகில் உள்ள பள்ளியைக் கொடுப்பது. இரண்டும் கலந்தும் நடக்கும்.

தேசியப் பள்ளிப் பிள்ளைக்கு இந்த இரண்டு வழிகளும் பெரும்பாலும் ஒரே பதிலைத் தரும். அவன் படித்த பள்ளியே வீட்டருகில்தானே. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அப்படி இல்லை. ஆறு ஆண்டுகள் தொலைவிலிருந்து வேனில் வந்தவள், 'பீடர்' முறையில் தோழிகளோடு ஒரே பள்ளிக்குப் போவாள், ஆனால் தொலைவாக. முகவரி முறையில் வீட்டருகே போவாள், ஆனால் தனியாக. 'தமிழ்ப்பள்ளிக்குத்தான் எல்லை கிடையாதே' என்று முதலாம் ஆண்டில் நிம்மதியாக இருந்த பெற்றோர், ஆறு ஆண்டுகள் கழித்து ஒதுக்கீட்டுத் தாளைப் பார்க்கும்போதுதான் எல்லை என்றால் என்னவென்று உணர்கிறார்கள்.

வீடு ஒரு கையில், பள்ளி ஒரு கையில்

மலேசிய அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி நிலம் மாநிலத்தின் பொறுப்பு, கல்வி கூட்டரசின் பொறுப்பு. தாமானுக்குத் திட்டமிடல் அனுமதி தருவது ஊராட்சி, இங்கே செபராங் பிறை மாநகர் மன்றம். பெரிய வீடமைப்பு என்றால் மனை வரைபடத்திலேயே பள்ளிக்கென்று நிலம் ஒதுக்கப்படும். ஆனால் அந்த நிலத்தில் கட்டடம் எழும்ப வேண்டுமானால் கல்வி அமைச்சின் பட்டியலில் ஏறி, ஐந்தாண்டுத் திட்டத்தில் நிதி கிடைக்க வேண்டும். வீடுகளின் சாவி அதற்காகக் காத்திருக்காது. பள்ளிக்கென்று ஒதுக்கிய நிலத்தில் லாலாங் புல் வளர்ந்து கிடக்க, பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் வேனுக்கு நிற்கும் காட்சி இதனால்தான்.

புதிய தாமானில் குடியேறுகிறவர்களில் பெரும்பாலோர் இளம் தம்பதிகள். சாவி வாங்கிய முதல் ஆண்டில் பள்ளிப் பிள்ளைகள் குறைவாகத்தான் இருப்பார்கள். ஐந்தாறு ஆண்டுகளில் முதலாம் ஆண்டுப் பதிவு பொங்கும், இன்னும் ஆறு ஆண்டுகளில் அந்த அலை முதலாம் படிவத்தில் வந்து மோதும், அதன்பின் மெல்ல வடியும். எல்லைக் கோடு பெரும்பாலும் அலை மோதிய பிறகுதான் மாற்றப்படுகிறது. முன்கூட்டியே பார்க்க முடியாத அலை இல்லை இது. முதலாம் ஆண்டுப் பதிவேட்டைப் பார்த்தாலே ஆறு ஆண்டுகளுக்குப் பிந்திய கணக்கு தெரிந்துவிடும்.

தமிழ்ப்பள்ளிக்கு இந்தக் கணக்கு எப்படி விழுகிறது என்று பார்ப்போம். 1,200 வீடுகள் கொண்ட ஒரு தாமான். வீட்டுக்கு 0.4 தொடக்கப்பள்ளிப் பிள்ளை என்று வைத்தால் 480 பேர். ஆறு வகுப்புகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 80. பினாங்கு மக்கள்தொகையில் இந்தியர் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆக 8 பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர் தமிழ்ப்பள்ளியைத் தேர்ந்தெடுத்தால் 4. ஒரு பெரிய தாமான் ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஆண்டுக்கு நான்கு பிள்ளைகளைத் தருகிறது. 24 பேர் கொண்ட ஒரு வகுப்பு நிறைய அப்படி ஆறு தாமான்கள் வேண்டும். தேசியப் பள்ளிக்கு ஒரு தாமானே போதும், தமிழ்ப்பள்ளிக்கு ஆறு வேண்டும். தாமான் தாமானாகப் போடும் கோடு எதுவும் தமிழ்ப்பள்ளியை வெட்டாமல் போக முடியாததற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

150 பிள்ளைகளுக்கு மேல் இல்லாத பள்ளி 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பட்டியலில் விழும். 30 பேருக்கு மேல் இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து நடத்தும் கூட்டு வகுப்பு வரும். தாமானுக்குள்ளேயே நடக்கும் தூரத்தில் புதிய தேசியப் பள்ளி திறந்தால், அந்த நான்கில் ஒன்றிரண்டு அங்கே போய்விடும். இதை எல்லை மாற்றம் என்று யாரும் சொல்வதில்லை. விளைவு அதேதான்.

இருபத்து நான்கு பிள்ளைகள்

இனி நிகழ்வு. ஒரு தமிழ்ப்பள்ளி, ஆறாம் ஆண்டில் 24 பேர். இதுவரை எல்லாரும் ஒரே பழைய இடைநிலைப் பள்ளிக்குப் போனார்கள். அந்தப் பள்ளி நிரம்பி வழிகிறது. காலை மாலை இரண்டு வேளையும் ஓடுகிறது, முதல் படிவங்கள் மாலையில். தாமான்களுக்கு நடுவே புதிய இடைநிலைப் பள்ளி திறக்கிறது. மாவட்டக் கல்வி இலாகா 'பீடர்' முறையை விட்டு முகவரி முறைக்கு மாறுகிறது. 24 பேர் பிரிகிறார்கள்: பழைய பள்ளிக்கு 10, புதிய பள்ளிக்கு 8, நெடுஞ்சாலைக்கு அப்பால் உள்ள மூன்றாவது பள்ளிக்கு 6.

நாற்காலிக் கணக்கில் இது நல்ல முடிவு. பழைய பள்ளியில் நெரிசல் குறைகிறது, பிள்ளைகள் வீட்டருகே படிக்கிறார்கள். மாலை ஆறரைக்குமேல் வீடு திரும்பும் பிள்ளைகள் குறைவார்கள். மலாய், சீனக் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே நெரிசலில்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. எல்லையே மாறக்கூடாது என்று தமிழ்ப் பெற்றோர் கேட்டால் அது நியாயமான கேள்வி ஆகாது.

ஆனால் இன்னொரு எண் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் (சட்டம் 550) தேசிய இடைநிலைப் பள்ளி என்றால் என்னவென்று வரையறுக்கும் இடத்திலேயே, பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழோ சீனமோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது. அந்த 15 பள்ளி முழுவதுக்கும் உரிய எண். ஒரு படிவத்துக்கு உரியது அல்ல. இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பழைய பள்ளியில் ஆண்டுக்கு 24 பேர் சேர்ந்து வந்ததால் ஐந்து படிவத்திலும் சேர்த்து 120 பேர். 15 என்ற வரம்பு அங்கே ஒரு கேள்வியாகவே எழவில்லை. படிவத்துக்கு ஒரு தமிழ் வகுப்பு, முழுநேரத் தமிழாசிரியர், ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி, விருப்பமுள்ளவர்களுக்குத் தமிழ் இலக்கியம்.

புதிய பள்ளி முதலாம் படிவத்தோடு திறக்கிறது. மேலே படிவம் இல்லை. 8 பேர். தேசியப் பள்ளியிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள் மூவர் சேர்ந்தாலும் 11. பதினைந்து இல்லை. அடுத்த ஆண்டு இன்னொரு 8 வரும்போது தேசியப் பள்ளிப் பிள்ளைகளைச் சேர்க்காமலே 16 ஆகும். சட்டத்தின் எண் நிறைந்துவிடும். ஆனால் முதல் தொகுதி ஓர் ஆண்டு தமிழில்லாமல் கழித்திருக்கும். ஆண்டுக்கு 6 பேர் போகும் மூன்றாவது பள்ளியில், ஏற்கெனவே தமிழ் வகுப்பு இல்லை என்றால், மூன்றாம் ஆண்டில்தான் 18 ஆகும். முதல் அறுவரும் அப்போது மூன்றாம் படிவத்தில் இருப்பார்கள். இரண்டு ஆண்டுகள் தமிழ் படிக்காத பிள்ளையை, எஸ்.பி.எம்.முக்குத் தமிழை எடு என்று சொல்வது கடினம். மற்றப் பாடங்களின் பாரமே போதும் என்பார்கள், அதில் தப்புமில்லை.

பழைய பள்ளியிலும் அமைதியாக ஒன்று நடக்கும். 120 ஆக இருந்தது 106, 92, 78, 64, ஐந்தாம் ஆண்டில் 50. ஆசிரியர் பணியிடம் பாட வேளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் நிற்கிறது. பிள்ளைகள் பாதிக்கும் கீழே இறங்கினால் வகுப்புகள் சேர்க்கப்படும், வேளைகள் குறையும். இரண்டு தமிழாசிரியர் இருந்த இடத்தில் ஒருவர் மாற்றலாகிப் போனால், காலியிடம் நிரப்பப்படாமலே போகலாம். பிரிந்து போன பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது.

இதற்கான வழி, மூன்றாகப் பிரிக்காதே என்று கேட்பது அல்ல என்பது எங்கள் உறுதியான எண்ணம். இதே மாவட்டத்தில் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பிள்ளைகளும் இதே நேரத்தில் பிரிக்கப்படுகிறார்கள். அவர்களில் 9 பேர் வேறொரு பள்ளிக்குப் போகவிருந்தால், அந்த 9 பேரையும் இங்கிருந்து போகும் 8 பேரையும் ஒரே புதிய பள்ளியில் சேர்த்தால் 17. முதல் நாளிலேயே தமிழ் வகுப்பு. ஒரு பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் தன் 24 பேருக்காக மட்டும் மனு கொடுத்தால் இந்த வழி தெரியவே தெரியாது. மூன்று நான்கு தமிழ்ப்பள்ளிகளின் ஆறாம் ஆண்டுப் பட்டியலை ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒவ்வொரு பள்ளியும் தனித்தனியாகக் கதவைத் தட்டுவதே இதுவரை நடந்த பெரிய பிழை.

கூட்டத்தில் எழும் கேள்விகள்

பெற்றோர் கூட்டத்தில் சட்டம் 550 யாருடைய வாயிலும் வராது. வரும் கேள்விகள் வேறு. 'டீச்சர், மூத்தவன் அங்க படிக்கிறான், சின்னவள இங்க போட்டா ரெண்டு பக்கமும் நான் எப்படி ஓடுறது?' 'வேன்காரர் அந்தப் பக்கம் வரமாட்டேன்றாரு, அவருக்கு ஆறு பிள்ளைக்குக் கட்டுப்படியாகாதாம்.' இவை சின்னக் கவலைகள் அல்ல. ஒரு குடும்பத்தின் காலைப் பொழுது முழுவதும் இவற்றில்தான் தொங்குகிறது.

வேன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேன்காரருக்கு எண்ணெய், காப்புறுதி, பழுது எல்லாம் போக ஒரு தடவை ஓட்டத்துக்கு மாதம் 2,400 ரிங்கிட் வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 20 பிள்ளைகள் ஏறினால் தலைக்கு 120. அதே ஓட்டத்தில் 12 பேர் மட்டும் என்றால் 200. ஆறு பேர் என்றால் 400. அப்போது அவர் ஓட்டத்தையே நிறுத்திவிடுவார். கோட்டைப் போடுகிறவர் தூரத்தைப் பார்க்கிறார். ஆனால் குடும்பத்தின் செலவு, அந்த வண்டியில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் ஏறி இறங்கும்.

முகவரி என்பதும் சிக்கலான விஷயம். அப்பாவும் அம்மாவும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்றால், பிள்ளை பள்ளிவிட்டுப் போவது பாட்டி வீட்டுக்கோ ஆயா வீட்டுக்கோதான். அடையாள அட்டையில் உள்ள முகவரி இரவு தூங்கும் இடம் மட்டுமே. இதை இலாகாவிடம் எழுத்தில் காட்ட முடியும்: பாட்டியின் முகவரிச் சான்று, இருவரின் ஷிப்ட் நேரம் போட்ட முதலாளியின் கடிதம், ஒரு பக்க விளக்கம். மேல்முறையீட்டில் ஓரளவு எடுபடும் காரணம் இது. சும்மா 'தூரம்' என்று எழுதுவதைவிட நிச்சயம் வலுவானது.

வாடகைக்குக் குடியிருப்போருக்கு வேறு தொல்லை. மின்கட்டண ரசீது வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். வாய்ப்பேச்சு வாடகை இங்கே உதவாது. முத்திரைவரி செலுத்திய வாடகை ஒப்பந்தம் வேண்டும். எல்லை மாறும் ஆண்டில் இந்த ஒரு தாள் இல்லாமல் அலைந்த குடும்பங்கள் நிறைய. சொந்தக்காரர் முகவரியைக் கொடுத்துச் சமாளிப்பதும் நடக்கிறது. அது ஒரு குடும்பத்துக்கு உதவலாம். ஆனால் தாமான் வாரியாகப் பிள்ளைகளை எண்ணும்போது கணக்கைக் கெடுத்து, எல்லாருக்கும் சேர்த்துக் கோடு தப்பாக விழ வழி செய்கிறது.

புகுமுக வகுப்பைப் பற்றி யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. மலாய்மொழியில் இன்னும் தேர வேண்டிய தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் முதலாம் படிவத்துக்கு முன் ஓர் ஆண்டு அங்கே உட்கார்கிறார்கள். அந்த வகுப்பு எல்லாப் பள்ளியிலும் இல்லை. புதிதாகத் திறக்கும் பள்ளியில் அது இல்லாவிட்டால், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருவர் நடந்து போவார், ஒருவர் வேனில் போவார். அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளை மறுபடி பள்ளி மாற வேண்டுமா, அங்கேயே தொடரலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டு விலை பற்றிய பேச்சும் எழும். எழட்டும், ஆனால் மனுவில் அதற்கு இடமில்லை.

வரைபடத்தில் தெரியாதவை

இந்த மாவட்டத்தை வடக்கு தெற்காக இரண்டு கோடுகள் வெட்டுகின்றன: நெடுஞ்சாலை ஒன்று, ரயில் பாதை ஒன்று. ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை மின்சார இரட்டைப் பாதை போட்டபின் ரயில்பாதை ஓரம் வேலி எழுந்தது. முன்பு குறுக்கே நடந்த ஒற்றையடிப் பாதைகள் அடைபட்டன. கடக்க வேண்டுமானால் மேம்பாலம் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

கணினி வரைபடத்தில் வீட்டிலிருந்து பள்ளிக்கு நேர்கோடு போட்டால் 1.5 கிலோமீட்டர் காட்டும் இடம், சாலைவழி 5 கிலோமீட்டராக இருக்கலாம். 'அருகில் உள்ள பள்ளி' என்பது எந்தத் தூரம் என்று முதலில் கேட்க வேண்டும். அளக்கும் முறை எளிது. தாமானின் நடுவில் ஒரு புள்ளி எடுத்துக்கொள்ளுங்கள், வாசல் புள்ளி அல்ல. பெரிய தாமானில் வாசலிலிருந்து கடைசித் தெருவே ஒரு கிலோமீட்டர் இருக்கும். அங்கிருந்து பள்ளி வாசல் வரை சாலைவழித் தூரம், காலை ஆறே முக்காலுக்கு வண்டியில் போன நேரம், பகல் ஒரு மணிக்குத் திரும்பிய நேரம் மூன்றையும் ஒரு வாரம் குறியுங்கள். தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்ட் மாறும் நேரமும் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஒன்றாக விழும். லாரி, தொழிற்சாலைப் பேருந்து, மோட்டார் சைக்கிள், பள்ளி வேன் எல்லாம் ஒரே வட்டச்சாலையில் முட்டும். ஞாயிற்றுக்கிழமை பகலில் அளந்த நேரத்தை மனுவில் போட்டால் அது நமக்கு எதிராகவே திரும்பும்.

எண்ணுவது எப்படி

கோவிலில், பாலர் பள்ளியில், வாட்சாப் குழுவில் பெயர் சேர்த்து வரும் பட்டியலில் ஒரே பிள்ளை மூன்று தடவை இருக்கும். பள்ளிப் பதிவேட்டிலிருந்தே தொடங்குவது நல்லது. தலைமையாசிரியர் பெயர்ப்பட்டியலைக் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது. நான்கு பத்தி உள்ள எண்ணிக்கை அட்டவணை போதும்: எந்த ஆண்டில் படிக்கிறார், எந்தத் தாமான், அக்காள் அண்ணன் இப்போது எந்த இடைநிலைப் பள்ளியில், எப்படி வருகிறார். முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை இப்படி நிரப்பினால் அடுத்த ஆறு ஆண்டுகளின் முதலாம் படிவம் கையில் இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கு முன்கூட்டிப் பதிந்த பிள்ளைகளைச் சேர்த்தால் ஏழு.

இணையப் படிவத்தில் பிள்ளையின் மைகிட் எண்ணைக் கேட்காதீர்கள். ஒரே நாளில் அந்தப் பட்டியல் எங்கெங்கோ போய்விடும். தாமான் பெயரும் வகுப்பும் போதும். வீட்டு எண்கூட வேண்டாம்.

அதன்பின் இடைநிலைப் பள்ளி வாரியாக இன்னொரு சிறிய அட்டவணை: இப்போது அங்கே தமிழ் படிக்கும் பிள்ளைகள் எத்தனை, தமிழாசிரியர் உண்டா, புகுமுக வகுப்பு உண்டா, காலையா மாலையா. இந்த அட்டவணையில் 15-க்குக் கீழே விழும் கட்டங்களைச் சிவப்பில் காட்டினால், மனுவின் வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

மனு

கல்வி இலாகாவுக்குப் போகும் மனு மலாயில், இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் பக்கத்தில் கோரிக்கை, இரண்டாம் பக்கத்தில் அட்டவணை, பின்னிணைப்பாக வரைபடம். கையொப்பங்கள் கடைசியில். 500 கையொப்பம் இருந்தும் ஓர் அட்டவணைகூட இல்லாத மனுவைவிட, நான்கு தமிழ்ப்பள்ளிகளின் தலைவர்கள் மட்டும் கையெழுத்திட்ட அட்டவணை அதிகாரியின் மேசையில் நெடுநேரம் நிற்கும். அவருக்கும் வேலை எளிதாகிறது. அவர் மேலிடத்துக்கு எழுத வேண்டிய குறிப்பை நாமே எழுதிக் கொடுத்துவிட்டோம். மாவட்ட அலுவலகத்துக்கு முதல் பிரதி, மாநிலக் கல்வி இலாகாவில் தமிழ்மொழிக்குப் பொறுப்பான அதிகாரிக்கு இரண்டாவது.

கோரிக்கைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பிரிக்கப்படும்போது ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பள்ளியிலும் எண்ணிக்கை 15-ஐத் தொடும்படி பள்ளிகளைச் சேர்த்துப் பிரிப்பது. முகவரிப்படி வேறு பள்ளிக்குப் போக வேண்டியவர்களுக்கு, தமிழ் வகுப்பு ஏற்கெனவே உள்ள பள்ளியையும் இரண்டாம் தேர்வாகத் தருவது. இப்போது படிப்பவர்கள் அங்கேயே முடிப்பது, அவர்களின் தம்பி தங்கைக்கு மூன்று ஆண்டுகளுக்கு அதே பள்ளியில் இடம். மூன்று ஆண்டு என்று வரம்பு போடுவது முக்கியம். காலவரையில்லாமல் கேட்டால் பழைய பள்ளியின் நெரிசல் தீராது, கேட்ட உடனேயே மறுக்கப்படும்.

சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் சாலையைக் கடக்கும் மேம்பாலத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் நன்றாக வேலை செய்யும். வகுப்பறை இடத்துக்கு அவ்வளவாக இல்லை. அந்த அதிகாரம் அவரிடம் இல்லை.

காலமும் கவனிக்க வேண்டியது. ஒதுக்கீடு வெளியானபின் கிடைப்பது தனிப்பட்ட மேல்முறையீடு மட்டும், அதற்குரிய நாட்களும் கொஞ்சம். அந்தச் சில நாட்களில் 24 பெற்றோரும் 24 விதமாக எழுதினால், சிலர் நகரப் பள்ளியைக் கேட்பார்கள், சிலர் பழைய பள்ளியை, சிலர் அண்ணன் படிக்கும் இடத்தை. ஒவ்வொரு மேல்முறையீடும் வெற்றி பெற்றாலும் கூட்டம் சிதறிவிடும். ஆகவே அட்டவணை ஆறு மாதத்துக்கு முன்பே இலாகாவின் கையில் இருக்க வேண்டும். இதைவிட முன்னதாகவும் ஒரு கதவு இருக்கிறது. நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் 1976 (சட்டம் 172) படி உள்ளூர்த் திட்ட வரைவு பொதுப் பார்வைக்கு வைக்கப்படும்போது, நான்கு வாரத்துக்குக் குறையாத காலத்தில் யாரும் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம். புதிய தமிழ்ப்பள்ளிக்கு அனுமதி வாங்குவதைவிட, பிள்ளைகள் குறைந்த பழைய தமிழ்ப்பள்ளியைப் புதிய குடியிருப்புக்கு இடம் மாற்றுவதே வழக்கமாக நடந்துவந்திருக்கிறது. அதற்கு நிலம் வேண்டும். அந்த நிலம் வரைபடத்தில் குறிக்கப்படும் நேரம் இந்த நான்கு வாரம்தான். கண்காட்சிக்கு வந்து வீடமைப்பைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. பள்ளி நிலத்தின் வகையைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு.

பள்ளி திறந்தபின்

மனு பலிக்காமல் 8 பேர் மட்டும் புதிய பள்ளிக்குப் போனார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே அந்தப் பெற்றோர் தமிழ் வகுப்புக் கோரிக்கைக் கடிதத்தைப் பள்ளி முதல்வரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கிவைக்க வேண்டும். எட்டுப் பேர்தான் என்பதால் தள்ளிப்போடக்கூடாது. தேசியப் பள்ளியிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குங்கள். அந்தப் பிள்ளைகள் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாதவர்களாக இருக்கலாம், அவர்களும் சட்டத்தின் கணக்கில் உண்டு. அடுத்த ஆண்டு வரவிருக்கும் 8 பேரின் எண்ணிக்கையைத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரின் கடிதமாக இணைத்தால், ஆசிரியர் பணியிடத்துக்கு இப்போதே விண்ணப்பிக்கப் பள்ளிக்குக் காரணம் கிடைக்கும்.

அந்த இடைப்பட்ட ஓர் ஆண்டுக்கு, பழைய பள்ளியின் தமிழாசிரியர் சனிக்கிழமை காலையில் அங்கேயே எடுக்கும் வகுப்பில் இந்த எட்டுப் பேரையும் உட்காரவைக்க இரு முதல்வர்களும் ஒப்புக்கொள்ளலாம். எழுத்தில் ஒப்புதல், வருகைப் பதிவு, தேர்வுத்தாள் திருத்தம் யார் பொறுப்பு என்ற மூன்றும் முதல் நாளே முடிவாக வேண்டும். இல்லாவிட்டால் அரையாண்டில் மதிப்பெண் ஏட்டில் தமிழ் என்ற கட்டம் காலியாக இருக்கும். சனிக்கிழமை வேனுக்கு எட்டுப் பேர் போதாது. பழைய பள்ளிக்குப் போகும் பத்துப் பேரின் வேன்காரரிடம் முதலில் பேசிப் பாருங்கள், தாமான் வழியாகத் திரும்பினால் அவருக்குக் கூடுதலாக நாலைந்து கிலோமீட்டர்தான்.